கன்ட்ரோல்ஸ்: கட்டுப்பாடா, துலங்கலா, கையிசைவா?

அனைவருக்கும் வணக்கம்.

> பனிச்சறுக்குப் பலகை வீடியோ ஆட்டங்களை மதிப்பிடும் கட்டுரையில், ஆடுபவர் சொன்னபடி ஆட்டம் கேட்கும் விதத்தைக் குறிக்கும் ‘கன்ட்ரோல்ஸ்’ என்பதற்குக் ‘கட்டுப்பாடு’ போதாதா?

போதாது. ‘இந்த ஆட்டத்தில் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், விடுதிக் காப்பாளர் பேசுவதுபோல் இல்லை? வரைகலை, ஒலி, தடம் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. இந்த வகை ஆட்டத்துக்கு உயிரான இடத்தில்தான் இடறுகிறோம்.

> ‘துலங்கல்’ பாடநூலிலேயே இருக்கிறதே?

இருக்கிறது, தூண்டலுக்கு ஜோடியாக. ஆனால் பொத்தானை அழுத்தியதும் எவ்வளவு விரைவில் திரையில் நடக்கிறது என்பதோடு அது நின்றுவிடும். 2001இல் வந்த எஸ்எஸ்எக்ஸ் டிரிக்கியில் நினைத்த மாத்திரத்தில் ஆள் சுழல்வான். அந்தரத்தில் பலகையைக் காலிலிருந்தே கழற்றி வித்தை காட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வான். 1998இல் நின்டெண்டோ 64 ஆட்டக் கருவிக்கு வந்த 1080 டிகிரி ஸ்னோபோர்டிங்கில் அந்தக் கதை நடக்காது. ஜாய்ஸ்டிக் குச்சியைச் சாய்த்தால் பலகையின் விளிம்பு பனியில் பதிந்து, கீறி, அப்புறம்தான் வளைவு பிடிக்கும். தாவி இறங்கும்போது பலகை சரிவுக்கு ஒத்து வராவிட்டால் தடுமாற்றம்தான். துலங்கலை மட்டும் அளந்தால் இந்த ஆட்டத்துக்கு மதிப்பெண் குறையும். ஆடிப் பார்த்தவருக்கோ அந்தத் தாமதத்தில்தான் உடம்பின் எடை தெரியும்.

அதனால் ‘கையிசைவு’ என்கிறேன். வேகமும் எடையும் அதில் அடங்கும். விழப்போவதை விரல் முன்னமே உணர்கிறதே, அதுவும் அடங்கும். ‘கையிசைவு அருமை, தடங்கள் சுமார்’ என்று எழுதினால் எனக்கு உறுத்தவில்லை.

> 2008இல் வீ கருவிக்கு வந்த ஷான் வைட் ஆட்டத்தைச் உடம்பின் சாய்வை உணரும் சமநிலைப் பலகைமேல் ஏறி நின்று காலாலும் ஆடலாம். அதற்கும் கையா?

சரியான கேள்வி, இரண்டு நாள் யோசிக்க வைத்தீர்கள். ஆனால் கால்பந்து ஆடுபவரையும் ‘கைதேர்ந்த ஆட்டக்காரர்’ என்றுதானே சொல்கிறோம்? பாட்டும்கூட ‘கைவந்த கலை’தான். எனக்கு உள்ள தயக்கம் வேறு: ‘இசைவு’ என்றால் சம்மதம் என்றும் பொருள். முன்னால் கை ஒட்டியிருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். வரும் என்பவர்கள் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்.

பலகையைச் சாய்த்து விளிம்பால் பனியைக் கீறித் திரும்பும் ‘கார்விங்’குக்கு ஒருவர் சொன்ன ‘ஒருக்களிப்பு’ பிடித்திருக்கிறது. ஆனால் அதில் சாய்வதுதான் வருகிறது, பனியைக் கீறுவது வரவில்லை. ‘விளிம்புக்கீறல்’ என்றால் யாரோ காயம்பட்டதுபோல் இருக்கிறது. தனி இழையில் பேசுவோம். அதுவரை கட்டுரையில் கார்விங் என்றே விட்டுவைக்கிறேன்.