ஹெட்ஜ் ட்ரிம்மர் வெட்டாமல் மெல்லுகிறது, அவசரம்

கோத்தகிரிவாசி:
வேலி வெட்டும் மிஷின் வாங்கி நான்கு மாதம். முதல் தடவை வழுக்கிக்கொண்டு போனது. இப்போது இலையை மென்று துப்புகிறது, பத்து நிமிடத்தில் சூடாகி நிற்கிறது. நாலு தடவை குச்சி சிக்கிக் கையால் உருவினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், வேலி பாதி மொட்டை பாதி காடு. யாராவது சொல்லுங்கள்.

வயர்மேன்:
வயரா, பேட்டரியா? என்ன செடி? எக்ஸ்டென்ஷன் போட்டீர்களா? சூடாகிறது என்றால் என் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல்தான்.

பழைய பட்டறை:
மிஷினோடு வரும் புத்தகத்தைப் படியுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? பல்லுக்குப் பல் உள்ள இடைவெளிதான் கணக்கு. வீட்டு மிஷின்களில் பெரும்பாலும் 16 முதல் 20 மில்லிமீட்டர். அதில் நுழையாத குச்சிக்கு ரம்பம் எடுக்க வேண்டும். இதுகூடத் தெரியாதவர்கள் கைக்கத்தரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

செடிப்பித்தன்:
அவரே அவசரத்தில் இருக்கிறார், விடுங்கள் ஐயா. உருவும்போது பிளக்கைக் கழற்றினீர்களா?

கோத்தகிரிவாசி:
வயர் மிஷின். சைப்ரஸ் வேலி. குச்சி சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. பிளக் கழற்றவில்லை, சுவிட்சை விட்டுவிட்டுத்தான் உருவினேன்.

செடிப்பித்தன்:
தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். என் தம்பி பழைய ஒற்றை சுவிட்ச் மிஷினில் இடது கையால் குச்சியை இழுத்தான், வலது கை தானாக அழுத்திவிட்டது. கையுறையோடு விரல் நுனி கிழிந்து ஏழு தையல். கழற்றிய பிளக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளேடைத் தொட வேண்டும்.

நர்சரி அக்கா:
சைப்ரஸ் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! பிளேடைப் பாருங்கள், கறுப்பாகப் பிசின் அப்பியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் தேய்த்து எடுங்கள். காய்ந்ததும் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். அப்புறம், சைப்ரஸில் பச்சை இருக்கும் வரைதான் வெட்ட வேண்டும். உள்ளே காய்ந்த கட்டை வரை போனால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது.

நாஞ்சில் தோப்பு:
தேங்காய் எண்ணெயே போதும். எங்கள் வீட்டில் அரிவாளுக்கு அதுதான்.

நர்சரி அக்கா:
கோத்தகிரிக் குளிரில் அது உறைந்து பிளேடு ஒட்டிக்கொள்ளும்.

நாஞ்சில் தோப்பு:
உறைந்தால் என்ன, மிஷின் ஓடினால் இளகிவிடும். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது?

மாடித்தோட்டம்:
டீசல் தொட்டுத் துடைக்கலாம். நாற்றம்தான் இரண்டு நாள் போகாது.

வயர்மேன்:
எண்ணெய்ச் சண்டை இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன்?

கோத்தகிரிவாசி:
உருளையில் சுற்றிய 30 மீட்டர். பத்து மீட்டர்தான் இழுத்தேன், மீதி சுற்றியபடியே இருந்தது.

வயர்மேன்:
அதேதான்! மெல்லிய வயராக இருந்தால் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும்.

பழைய பட்டறை:
500 வாட் மோட்டார் என்றால் இரண்டு ஆம்பியர் சொச்சம். 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரில்கூட 30 மீட்டருக்கு 5 வோல்ட் இறங்காது. கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். கோளாறு பிசினில்.

வயர்மேன்:
சரி, வோல்டேஜை விடுங்கள். சுற்றிய வயர் சூடாகி உறை இளகும், அதனால் முழுக்க அவிழ்த்தே ஆக வேண்டும். வயரைத் தோளுக்கு மேல் போட்டு, வெட்டி முடித்த பக்கமாக விட்டுக்கொண்டு நகருங்கள். லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா? உங்கள் ஊர்ப் பனியில் இலை காயாமல் தொடாதீர்கள்.

கோத்தகிரிவாசி:
பிசின்தான். சுரண்டியதில் ஒரு கைப்பிடி வந்தது. எண்ணெய் விட்டேன், வயரை அவிழ்த்துவிட்டேன். தெருப்பக்கம் முடிந்தது. அக்காவுக்கு நன்றி.

வயர்மேன்:
ஆர்சிசிபி இருக்கிறதா, இல்லையா?