மறு: 'மேட்சிங் நம்பர்ஸ்': எண்பொருத்தமா, வேறு சொல்லா?

அன்பு நண்பர்களுக்கு,

நம் பழைய துப்பாக்கிச் சேகரிப்புக் கையேட்டுக்கு 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு துப்பாக்கியின் பாகங்களில் அடித்த எண்கள் ஒன்றாக இருப்பதுதான் அது. 'எண்பொருத்தம்', 'ஒப்பெண்', 'இணையெண்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன.

> 'எண்பொருத்தம்' என்றே வைத்துவிடலாமே. படித்ததும் புரிகிறது.

மும்பை நண்பர் சொல்வதுபோல் புரியத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தேடினால் துப்பாக்கிக்கு முன்னால் நியூமராலஜி ஜோசியர்கள் வந்து நிற்பார்கள். 'ஒப்பெண்' என்பதில் எனக்குப் பெண்தான் முதலில் தெரிகிறாள். 'இணையெண்' அவசரத்தில் 'இணைய எண்' ஆகிவிடும்.

என் மறுப்பு அதற்காக மட்டும் இல்லை. இந்த மூன்று சொல்லும் எண்கள் ஒன்றாக இருக்கின்றன என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. வாங்குகிறவருக்கு அவை எப்போது ஒன்றாயின என்று தெரிய வேண்டும். காசு அதில்தான் இருக்கிறது.

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 1907இல் வந்த எஸ்.எம்.எல்.இ. மார்க் 3, அதாவது நம் ஊரில் வெறுமனே '303' என்று சொல்லும் ரைபிள். இதில் பாடி (போல்ட் ஓடும் நடு உலோகப் பாகம்), குழல், போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் பாகம்) கைப்பிடியின் பின்பக்கம், மூக்குமூடி (குழல் முனையில் இருக்கும் உலோக மூடி), பின்குறியின் (குறிபார்க்கும் பின் பாகம்) அடிப்பக்கம், முன்கட்டை (குழலுக்குக் கீழே உள்ள மரம்) என்று பல இடங்களில் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள். விற்கிறவர் 'ஆல் மேட்சிங்' என்று போட்டுவிட்டுப் பாடியையும் போல்ட்டையும் மட்டும் படம் எடுத்து அனுப்புவார். பின்குறியைத் தூக்கி ஒரு படம், மூக்குமூடிக்கு ஒரு படம் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

போல்ட் எண் மட்டும் அழகுக்காகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் பாடியில் பொருத்திச் சரிபார்த்துத்தான் வெளியே விடுவார்கள். வேறு ரைபிளின் போல்ட் ஏறியிருந்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள அளவு, கூடியிருக்கலாம். சுடும்போது தோட்டாவின் உறை பிளக்கலாம். கேஜ் (அந்த அளவைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் அந்த ரைபிளைச் சுடக் கூடாது. பாடியில் 'டி.பி.' (டிரில் பர்ப்பஸ்) என்று அடித்திருந்தால் கேஜ் கூட வேண்டாம், சுடவே கூடாது. அது கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கிய ரைபிள்.

தோளில் வைக்கும் பின்கட்டையில் (பட்ட்) பெயின்டில் எழுதிய எண்ணையும் சிலர் கணக்கில் சேர்க்கிறார்கள். அது பட்டாலியன் கொடுத்த பட்ட் நம்பர். யாருடைய ரைபிள், கோத்தில் (ஆயுத அறையில்) எந்த இடம் என்பதற்காக எழுதியது. தொழிற்சாலை எண்ணோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ராணுவப் பணிமனைகளில் போல்ட் தேய்ந்தால் வேறொன்றைப் பொருத்தி, சோதித்து, பழைய எண்ணை அழித்துவிட்டு பாடியின் எண்ணைப் புதிதாகப் பொறிப்பது வழக்கம். போருக்குப் பிறகு சோவியத் பணிமனைகளில் மொசின் நாகந்த் ரைபிள்களைக் குவியல் குவியலாக இப்படிச் செய்தார்கள். அது நேர்மையான வேலை. ரைபிள் நன்றாகவே சுடும். சேகரிப்பாளரிடம் மட்டும் அதற்குப் பிறந்தபடியே இருப்பதன் விலை கிடைக்காது. இதையே ஒரு வியாபாரி போன மாதம் தன் பட்டறையில் செய்திருந்தால் அது மோசடி. எழுத்தின் அளவும் வடிவமும் பாடியில் உள்ளதோடு ஒத்துப்போகாது, அரம் போட்ட இடம் லேசாகப் பள்ளமாக இருக்கும், சாய்த்துப் பார்த்தால் பழைய எண்ணின் நிழல் தெரியும்.

ஆகவே என் முன்மொழிவு: தொழிற்சாலையிலேயே அடித்தது 'உடனெண்', உடன்பிறந்தது என்ற பொருளில். பணிமனையில் பிறகு பொறித்தது 'ஒட்டெண்'; ஒட்டுமாங்கன்று மாதிரி, வேறு மரம்தான், ஆனால் தெரிந்தே ஒட்டியது. ஏமாற்ற அடித்தது 'கள்ள எண்'. எண்கள் வேறுபட்டால் அதற்குக் கலைச்சொல் எதற்கு, 'எண் சேரவில்லை' என்றாலே போதும்.

> பழைய கார்களுக்கும் இதே சொல் ஆகுமா?

டெல்லி அக்காவின் கேள்வி நல்ல கேள்வி. பல கார்களில் எஞ்சினுக்கு ஓர் எண், சேசிஸுக்கு வேறோர் எண். இரண்டும் தொழிற்சாலைப் பதிவேட்டில் ஒன்றாக இருந்தால் மேட்சிங். 'ஒப்பெண்' அங்கே நொண்டும். 'உடனெண்' தாங்கும், எண்கள் வேறானாலும் கூடவே பிறந்தவைதானே.

கையேட்டில் ஒரு வரி அவசியம் சேருங்கள். .303 இந்தியாவில் தடைசெய்யப்பட்ட குழல் அளவு. இந்தக் கையேடு கனடா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் உரிமம் வைத்திருக்கும் நம்மவர்களுக்குத்தான். பெங்களூரில் யாராவது தாத்தாவின் பரணிலிருந்து எடுத்தேன், விலை சொல்லுங்கள் என்று கேட்டால், விலை பேசாமல் காவல் நிலையத்துக்கு வழி சொல்லுங்கள். பழம்பொருள் என்ற விலக்கு 1959 ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும்.

இன்னொன்று: 1960களில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 2ஏ1 ரைபிள், பார்வைக்கு 303 போலவே இருந்தாலும் 7.62 மி.மீ. தோட்டாவுக்கானது. பெட்டிபோல் சதுரமாக இருக்கும் மேகசினை வைத்து அடையாளம் காணலாம். கையேட்டின் அட்டவணையில் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், பிரித்துவிடுங்கள்.

'ஹெட்ஸ்பேஸ்' என்பதற்குத் தமிழ்ச் சொல் இன்னும் பாக்கி. 'தலையிடைவெளி' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், படிக்கிறவர் சீப்பைத் தேடுவார். போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள அளவு அது. அக்கா தொடங்கட்டும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து