லீகல் ஹோல்டுக்கு ‘மறிப்பு’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம். ‘லீகல் ஹோல்ட்’, அதாவது வழக்குக்காக மின்பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது, இதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறேன்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூத்து நடந்தது. நாங்கள் 38 பேர், பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்குக் கணக்கு வேலை பார்க்கிறோம். அவர்கள் மேல் அங்கே ஒரு வழக்கு. அவர்களுடைய வக்கீலிடமிருந்து ‘லீகல் ஹோல்ட்’ கடிதம் எங்களுக்கும் வந்தது. அதை எல்லோருக்கும் அனுப்பும்போது, மேலே தமிழில் ‘இவர்களுடைய மின்னஞ்சல்கள் சட்டப்படி நிறுத்திவைக்கப்படுகின்றன’ என்று ஒரு வரி சேர்த்தேன். கணக்குப் பிரிவு அக்கா இரண்டு நாளாக அந்த வாடிக்கையாளருக்குப் பதிலே போடவில்லை. கேட்டால், “நீங்கதானே நிறுத்தி வைக்கச் சொன்னீங்க?” என்கிறார். தப்பு என் வரியில்தான்.

லீகல் ஹோல்ட் எதையும் நிறுத்துவதில்லை. மடல் வரலாம், போகலாம், அழியக்கூடாது, அவ்வளவுதான். ஆள் அழிப்பதும் கூடாது; ‘மூன்று வருடம் ஆனால் நீக்கு’ என்று நாமே எழுதி வைத்து மறந்துபோன விதி தானாக அழிப்பதும் கூடாது. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதில்தான். அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 37(இ) 2015இல் திருத்தப்பட்டது. வழக்கு வரும் என்று தெரிந்தும் நியாயமான முயற்சி எடுக்காமல் மின்பதிவைத் தொலைத்து, அதை வேறு வழியில் மீட்கவும் முடியாமல் போனால், நீதிமன்றம் அதற்குப் பரிகாரம் காணலாம். வேண்டுமென்றே அழித்தது என்று தெரிந்தால், அது அழித்தவருக்குப் பாதகமான பதிவு என்றே ஜூரி எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு.

இதற்காகத்தான் மின்னஞ்சல் காப்பக மென்பொருள் தேடினோம். “அதான் பேக்கப் இருக்கே” என்றார் முதலாளி. எங்கள் பேக்கப் ராத்திரி 10 மணிக்கு ஓடும். காலை 11 மணிக்கு வந்த மடலை ஒருவர் 3 மணிக்கு அழித்து, குப்பைக்கூடையையும் காலி செய்துவிட்டால் பேக்கப்பில் அது இருக்காது. காப்பகம் அப்படியில்லை, மடல் உள்ளே நுழையும்போதே ஒரு படி எடுத்துக்கொள்கிறது. சொந்த சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வொரு மடலுக்கும் ஒரு படி அனுப்பும் அதன் ‘ஆல்வேஸ் பிசிசி’ அமைப்பும், அந்தப் படிகளைச் சேர்த்துவைக்கும் பைலர் என்ற திறமூல மென்பொருளும் போதும். கூகுள் வொர்க்ஸ்பேஸ்காரர்களுக்கு பிசினஸ் பிளஸ் திட்டத்திலிருந்து வால்ட் என்ற வசதி சேர்ந்தே வருகிறது; அது தனிப் படி எடுப்பதில்லை, விதியோ ஹோல்டோ போட்டு வைத்தால் அழித்த மடலையும் விடாமல் வைத்திருக்கும். இரண்டிலும் இந்த ‘ஹோல்ட்’ வசதி இருக்கிறது. தமிழில் கையேடு எழுத உட்கார்ந்தேன், அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

‘சட்டப் பிடிப்பு’ என்றால் போலீஸ் பிடித்த மாதிரி இருக்கிறது. ‘முடக்கம்’ என்றால் வங்கிக் கணக்கை முடக்குவதுதான் நினைவுக்கு வரும். அக்கா மறுபடியும் கையைக் கட்டிக்கொள்வார். ‘சட்டத் தடை’?

எனக்குத் தோன்றியது ‘மறிப்பு’. நம் ஊரில் தண்ணீரை மறிப்போம், ஆட்டைக் கிடை மறிப்போம். நயினார்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லைக் கால்வாயிலிருந்து தண்ணீர் வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது, மிஞ்சினது மறுகாலில் வெளியேறுகிறது. மறுகாலை மட்டும் மறித்தால் வரத்தும் நிற்காது, பாய்ச்சலும் நிற்காது. லீகல் ஹோல்டும் இதுதானே? அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

*

தம்பி,

‘தடை’யை விட்டுவிடும். நீதிமன்ற எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன், அந்த வளாகத்தில் தடை என்றால் தடை உத்தரவு ஒன்றுதான்.

மறிப்பு வினையாகவும் வளைகிறது: மறி, மறித்த மடல், மறிப்பில் உள்ள கணக்கு. எந்தச் சொல்லையும் நான் முதலில் இப்படித்தான் உருட்டிப் பார்ப்பேன். ஆனால் ‘சட்ட மறிப்பு’ என்று மட்டும் எழுதிவிடாதேயும், சாலை மறியலுக்கு அனுமதி வாங்கினது போல இருக்கும். ‘அழிப்பு மறிப்பு’ என்றால் எதை மறிக்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். மறுகாலை மறித்தால் குளம் என்ன ஆகும்? கரை உடையும். 2023 டிசம்பர் மழையில் நாம் பார்க்காததா? உம்முடைய சர்வரிலும் வட்டு நிரம்புமே, அதற்கு என்ன வைத்திருக்கிறீர்?

இன்னொன்று. நம் ஊர் வழக்குக்கும் இந்தக் காப்பகம் உதவ வேண்டும் என்றால், மடலை வெளியே எடுக்கும்போது அதன் ஹாஷ் மதிப்பும் (மடலின் கைரேகை மாதிரி, ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும்) சேர்ந்து வருகிறதா என்று பாரும். 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். மின்பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க அதன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் ஹாஷ் எழுத வேண்டும்.

வழக்கில் ஒரு தரப்பு மறு தரப்பிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் ‘டிஸ்கவரி’யை யாரும் ‘கண்டுபிடிப்பு’ ஆக்கிவிடாதீர்கள். அதற்குத் தனி இழை போடுவோம்.

*

அண்ணாச்சி,

கரை உடையும் என்றதும் முதலில் உவமை போச்சு என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நான் செய்துவைத்த தப்பே அதுதான். பயத்தில் 38 பேருடைய பெட்டிக்கும் ஹோல்ட் போட்டிருந்தேன். விளம்பர மடலும் பொங்கல் வாழ்த்தும்கூட அழியாமல் கிடக்கின்றன. கடிதத்தில் கேட்டிருப்பது ஆறு பேருடைய மடல்கள், அதுவும் குறிப்பிட்ட தேதியிலிருந்து. நேற்று அந்த ஆறு பேர் தவிர மற்றவர்களை வக்கீலிடம் எழுத்தில் கேட்டுவிட்டு விடுவித்தேன். ஆகவே ‘அழிப்பு மறிப்பு’க்கு எழுதும் விளக்கத்தில் ‘யாருடைய, எந்தத் தேதி முதல்’ என்பதையும் சேர்க்க வேண்டும். அது இல்லாத மறிப்பு மொத்தக் குளத்தையும் மறிப்பதுதான். ஹாஷையும் பார்க்கிறேன்.

அறிவிப்பைத் திருத்தி அக்காவிடமே முதலில் கொடுத்தேன்:

“இந்த வாடிக்கையாளர் தொடர்பான உங்கள் மின்னஞ்சல்களுக்கு அழிப்பு மறிப்பு போட்டிருக்கிறோம். வழக்கம்போல மடல் அனுப்பலாம், பதில் போடலாம். பழையது, புதியது, குப்பைக்கூடையில் கிடப்பது எதையும் அழிக்க வேண்டாம்.”

படித்துவிட்டு, “சரி, எப்ப திறப்பீங்க?” என்றார்.

அந்தத் தேதி யாருக்கும் தெரியாது. ‘வக்கீல் எழுத்தில் சொல்லும்வரை’ என்று கீழே சேர்த்தேன். ஹோல்டை எடுப்பதற்கு ‘மறிப்பு நீக்கம்’ என்றுதான் குறித்து வைத்திருந்தேன். அக்கா வாயில் தானாக வந்தது ‘திறப்பு’. அதையே பதிந்துவிடலாமா?