ஃபேட் டயர் சைக்கிளின் முன்சக்கரம் பந்துபோலத் துள்ளுகிறது, ஃபோர்க் போய்விட்டதா?

தேயிலைமேடு: வணக்கம். நான்கு அங்குல டயர் போட்ட ஃபேட் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. முன்னால் ராக்‌ஷாக்ஸ் ப்ளூட்டோ ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் காற்று ஷாக்), 100 மி.மீ. வரை அமுங்கும். கோத்தகிரி பக்கம் தோட்டத்துக் கல்பாதையில் இறங்கினால் முன்சக்கரம் துள்ளிக்கொண்டே போகிறது. நேற்று ஒரு வளைவில் பிரேக் பிடித்தும் திரும்பவில்லை, பயந்துவிட்டேன். ஃபோர்க்கின் வலது காலின் அடியில், அது எழும்பும் வேகத்தை மாற்றும் சிவப்புத் திருகை ஆமைப் படம் உள்ள பக்கம் (மெதுவாக) முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், அப்புறம் முயல் பக்கம் (வேகமாக). ஒரு வித்தியாசமும் இல்லை. என் எடை 72 கிலோ. காற்றழுத்தம் ஃபோர்க்கில் 130 பி.எஸ்.ஐ., டயரில் 15. டாம்பரை (துள்ளலை அடக்கும் எண்ணெய்ப் பகுதி) மாற்ற வேண்டுமா?

சரளைப்பாதை: டாம்பரைத் தொடாதீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை உடம்பு எடையோடு அழுத்துங்கள். கண் மேலே வேண்டாம், கீழே பாருங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் உள்ளே போகிறதா, டயர் நசுங்குகிறதா?

தேயிலைமேடு: செய்தேன் அண்ணா. குழாய் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. டயர்தான் நசுங்கி எழும்புகிறது.

சரளைப்பாதை: அதுதான் விஷயம். இவ்வளவு பெரிய டயர் அதுவே ஒரு காற்று ஸ்பிரிங். ஆனால் எழும்பும் வேகத்தை அடக்க அதற்குள் எண்ணெய் இல்லை. சிவப்புத் திருகு ஃபோர்க்கை மட்டும்தான் அடக்கும். ஃபோர்க் அசையவே இல்லை என்றால் திருகு எதை அடக்கும்?

முதலில் டயர். உங்கள் எடைக்கு மண், கல் பாதையில் 8 முதல் 10 போதும். சாதாரண கால் பம்பின் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். 160 வரை காட்டும் மீட்டரில் 10 என்பது முள் அசைந்ததா இல்லையா என்கிற இடம். குறைந்த அழுத்தத்துக்கான தனி மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ரொம்பவும் குறைத்துவிட வேண்டாம். தார் ரோட்டில் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் இழுக்கும், கல்லில் ரிம் அடிபடும்.

அப்புறம் ஃபோர்க். 130 உங்களுக்கு அதிகம். எண்ணைப் பார்க்காமல் இறக்கத்தை, அதாவது நீங்கள் உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பாருங்கள். குழாயில் உள்ள ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு, பையெல்லாம் மாட்டி மெதுவாக ஏறி உட்கார்ந்து, குதிக்காமல் இறங்குங்கள். வளையம் 20 முதல் 25 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் சிவப்புத் திருகு.

பழையஎண்ணெய்: பழைய வண்டி என்கிறீர்களே, ஃபோர்க்கின் கீழ்க்காலை (குழாய் உள்ளே நுழையும் கீழ்ப்பகுதி) கடைசியாக எப்போது திறந்தார்கள்? 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். சீலுக்கு (குழாயைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர்) அடியில் இருக்கும் நுரை வளையம் காய்ந்தால் குழாய் ஒட்டிக்கொள்ளும். இன்றிரவு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவையுங்கள், இருக்கிற எண்ணெய் நுரைக்கு இறங்கும். காலையில் குழாய் ஒட்டாமல் வழுக்கினால் சர்வீஸ் பாக்கி என்று அர்த்தம்.

ஆற்றுமணல்: குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஷாக் இல்லாத ஃபேட் பைக். சாதாரண மவுண்டன் பைக் ஃபோர்க் போடலாமா?

சரளைப்பாதை: முடியாது, கால்களுக்கு நடுவே டயர் நுழையாது. ப்ளூட்டோ, மேனிட்டூ மாஸ்டோடான் போன்றவைதான் வழி. இரண்டுக்கும் 150 மி.மீ. அகல, 15 மி.மீ. அச்சுள்ள ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வேண்டும். உங்கள் ஹப் 135 என்றால் சக்கரத்தையே மறுபடி கட்ட வேண்டியிருக்கும். ஃபோர்க் தண்டு (ஃப்ரேமுக்குள் நுழையும் குழாய்) மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனா, அடியில் அகலமா என்றும் பாருங்கள். செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள் தம்பி.

தேயிலைமேடு: இன்று போய் வந்தேன். தலைகீழாக வைத்ததில் காலையிலேயே குழாய் வழுக்கியது. சீலைச் சுற்றி கறுப்பாக ஒரு வளையம் அழுக்கு, துணியால் துடைத்தேன். புது மீட்டரில் பார்த்தால் நான் 15 என்று நினைத்தது 19! இப்போது டயர் 9, ஃபோர்க் 92, இறக்கம் 23 மி.மீ. சிவப்புத் திருகை நடுவிலிருந்து ஆமைப் பக்கம் இரண்டு கிளிக். அதே வளைவில் சக்கரம் கல்லைத் தழுவிக்கொண்டு போனது. கீழே வந்து பார்த்தபோது ரப்பர் வளையம் 80 மி.மீ.யைத் தாண்டி நின்றது, ஃபோர்க் அசைகிறது. சனிக்கிழமை கீழ்க்காலைத் திறக்கிறேன், எண்ணெய் அளவு கேட்டு மறுபடி வருவேன்.