குழந்தையின் சிகிச்சைக்கென்று அப்பா அனுப்பிய பணம்: மோசடியா என்று எப்படி அறிவது?

வண்ணார்பேட்டை மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பாவுக்கு, இதய அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு குழந்தையின் படத்தோடு நேற்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மூக்கில் குழாய் செருகியிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் மனம் இளகி, அதிலிருந்த கியூஆர் குறியீட்டின் வழியே 5,000 ரூபாய் அனுப்பிவிட்டார். இன்று காலை ஒருவர் அழைத்து, மாலைக்குள் இன்னும் 10,000 வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். செய்தியில் இருப்பது ஓர் அறக்கட்டளையின் பெயர். பணம் போனதோ ஒரு தனிநபரின் பெயருக்கு. நான் சந்தேகத்தைச் சொன்னால், "2023 டிசம்பர் வெள்ளத்தில் நமக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் விசாரித்துவிட்டா கொடுத்தார்கள்?" என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஜங்ஷன் அண்ணாச்சி:

தங்கச்சி, முதலில் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசிவிட்டு, அதன் பிறகு இதைப் படியுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி எடுக்கப்படுவதற்கு முன் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். அந்த உரையாடலை அழித்துவிட வேண்டாம், அதுதான் சான்று.

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். "நன்கொடையைத் திருப்பித் தருகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்" என்று அடுத்த அழைப்பு வரக்கூடும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

பாளையங்கோட்டை கணக்கர்:

சில அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். "80ஜி வரிச்சலுகை உண்டு", அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு உண்டு, என்று அச்சிட்டிருப்பதாலேயே ஒன்றை நம்பிவிட முடியாது. அறக்கட்டளையின் பான் எண்ணையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, வருமான வரித் துறையின் தளத்தில் சரிபார்க்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது. ஆகவே, பெரிய தொகையை ரொக்கமாகக் கேட்டுவிட்டு வரிச்சலுகையும் உண்டு என்பவரிடம் எச்சரிக்கை தேவை. அதேசமயம், 80ஜி பதிவு இல்லாமலேயே நேர்மையாக உதவும் சிறு குழுக்கள் நம் ஊரில் உண்டு, அவர்களை இதனால் ஒதுக்கிவிடாதீர்கள்.

நோயாளிக்கான உதவி என்றால் சோதிப்பது இன்னும் எளிது. மருத்துவமனையின் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் கேளுங்கள்; செய்தியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து விசாரியுங்கள். உண்மை என்று தெரிந்தால் மருத்துவமனைக் கணக்கிலேயே பணத்தைக் கட்டிவிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கேட்டுப் பார்த்தீர்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வழியுண்டு என்பதால், சிகிச்சைக்கு அலைந்து திரிந்த பெற்றோரிடம் இதற்கு ஏதோ ஒரு பதில் இருக்கும்.

அம்பாசமுத்திரம் அக்கா:

அப்பாவின் கேள்விதான் என் மனத்தில் நிற்கிறது. வெள்ளத்தில் சோறு கொண்டுவந்தவர்கள் நம்மை விசாரிக்காததற்குக் காரணம், வீட்டுக்குள் தண்ணீர் நிற்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். இந்தக் குழந்தையை அப்பா பார்க்கவில்லை, ஒரு படத்தைத்தான் பார்த்தார். அதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் கோயில் கொடைக்கு வரி பிரிக்க வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்த முகங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகம் என்று சொல்லி வெளியூர் ஆள் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். அவர் கிழித்துக் கொடுத்த ரசீதில் வரிசை எண்ணும் இல்லை, அடிக்கட்டையில் ஓர் எழுத்தும் இல்லை. "தொகையைக் கோயிலிலேயே வந்து கட்டிவிடுகிறேன்" என்றதும் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

வண்ணார்பேட்டை மகள்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனையில் விசாரித்தோம், அந்தப் பெயரில் அங்கே எந்தக் குழந்தையும் இல்லை. 1930-இல் புகார் பதிவாகிவிட்டது, பணம் இன்னும் திரும்பவில்லை. அப்பா முதலில் எதுவுமே பேசவில்லை. அக்காவின் பதிலை வாசித்துக் காட்டிய பிறகு, புகார் எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் தம் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார். பத்தாயிரம் கேட்ட அந்த ஆள் மீண்டும் அழைத்தபோது, "குழந்தை எந்த வார்டில் இருக்கிறது? நானே நேரில் வருகிறேன்" என்றார். எதிர்முனையில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.