பள்ளத்தாக்குக் குளிர்காலப் புகை: வானிலையின் வேலையா, நம் வேலையா?

மலையடி:
ஒவ்வொரு குளிர்காலமும் இதே கூச்சல். குளிர்ந்த காற்று கனமாகப் பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடுகிறது, மேலே சூடான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, நடுவில் நுண்துகள் சேர்கிறது. வெப்பத் தலைகீழ் மாற்றம், அவ்வளவுதான். ஒரு புயல் வந்தால் எல்லாம் காலி. இதற்குப் போய், புகை சேரும் நாட்களில் வீட்டைச் சூடாக்கும் விறகடுப்புக்குத் தடை, மீறினால் அபராதம் என்று ஜனங்களை வதைப்பது எதற்கு?

வடகாற்று:
மூடியை யாரும் கழற்ற முடியாது, சரி. உள்ளே கொட்டுவது யார்? 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் சில நாட்களுக்குள் சுமார் 60 பேர் செத்தார்கள். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோராவில் துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் புகைந்துகொண்டே இருக்க, மழை வந்து கழுவுவதற்குள் 20 பேர் போய்விட்டார்கள். வெறும் வானிலை அவர்களைக் கொல்லவில்லை.

மலையடி:
அது கந்தகப் புகைக் காலம். எண்பது, தொண்ணூறு வருடத்துக் கதையை வைத்து இன்றைக்கு அடுப்பை அணைக்கச் சொல்லாதீர்கள்.

கணக்கன்:
இரண்டு பேரும் புகையையே பார்க்கிறீர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் மூடி விழுந்த நாட்களில் பிஎம் 2.5 என்கிற மிகச் சிறிய நுண்துகளின் பெரும்பங்கு எந்தக் குழாயிலிருந்தும் துகளாக வெளியே வருவதில்லை. வண்டிகளும் கொதிகலன்களும் விடும் நைட்ரஜன் ஆக்சைடு காற்றிலேயே நைட்ரிக் அமிலமாகி, மாட்டுச் சாணத்திலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் ஆகிறது. குளிரில் அது ஆவியாகாமல் துகளாகவே நிற்கும். தரையில் பனி கிடந்தால் இன்னும் மோசம்: வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், தரை சூடாகாது, மூடியும் உடையாது.

மலையடி:
பாருங்கள், அப்படியானால் அடுப்புத் தடை கண்துடைப்புதானே? தடை போட்ட அன்றும் நுண்துகளை அளக்கும் மீட்டர் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

வடகாற்று:
ஏறத்தான் செய்யும், நேற்று விட்டதும் உள்ளேதானே கிடக்கிறது. தடை இல்லாவிட்டால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேளுங்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற சிற்றூரில் குளிர்கால நுண்துகளில் பெரும்பகுதி விறகுப் புகைதான். அங்கே 2005-இலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய அடுப்புகளை மாற்றினார்கள், குளிர்கால அளவு ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. மலை அதே இடத்தில்தான் இருக்கிறது.

மலையடி:
மாற்றிக் கொடுத்தார்கள் ஐயா, மிரட்டவில்லை! அதை நான் எதிர்க்கவே இல்லை. விறகைத் தவிர வேறு வழியில்லாதவனுக்கு அபராதம் போடுவதைத்தான் கேட்கிறேன்.

கணக்கன்:
அது நியாயம். ஆனால் லிபியின் வைத்தியம் சால்ட் லேக்குக்கு அப்படியே பொருந்தாது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தாலும் நைட்ரேட் அதே விகிதத்தில் இறங்கும் என்று நினைக்காதீர்கள். குளிர்கால வேதியியல் கொஞ்சம் கோணல், சில நிலைமைகளில் முதலில் பலனே தெரியாது.

வடகாற்று:
அதனால்தான் நேரம் முக்கியம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 24 மணி நேரச் சராசரி நுண்துகளுக்கு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம் என்று வைத்தது, அமெரிக்கச் சட்டம் 35 என்கிறது. மீட்டர் 35-ஐத் தொட்ட பிறகு தடை போட்டால் பாதிச் சரக்கு ஏற்கெனவே உள்ளே. மூடி விழப்போகிறது என்று முன்கணிப்பு சொன்ன அன்றே போட வேண்டும்.

மலையடி:
முன்கணிப்பு தப்பிப்போனால், தடை இருந்த நாட்களில் குளிரில் நடுங்கியவனுக்கு யார் பதில் சொல்வது?