ஒன்றாம் வகுப்புக்கு முன்பே எழுதப் பழக்கித்தான் ஆக வேண்டுமா?

திருச்சி அப்பா:
மகளுக்கு மார்ச்சில் ஐந்து வயது முடிந்தது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. சேர்க்கப் போன தனியார் பள்ளியில், உயிரெழுத்து, மெய்யெழுத்து, ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்கள், நூறு வரை எண்கள் எல்லாம் எழுதத் தெரிந்துகொண்டு வரச் சொன்னார்கள். பிள்ளை நன்றாகப் பேசுவாள், கதை சொல்வாள். பென்சில் பிடித்தால் மட்டும் ஐந்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்கிறாள். லீவில் ட்யூஷன் போடலாமா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
ட்யூஷன் வேண்டாம் சார். கை வலிக்கிறது என்று அவள் சொல்வது சாக்கு இல்லை. ஐந்து வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் வளர்ந்து முடியவில்லை. நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், எழுத்தைவிட எழுத்தின் மேல் வெறுப்புதான் முதலில் வரும். இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கோவை அம்மா:
டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் சட்டத்தைக் காட்டி வகுப்பறையில் உட்கார முடியாது. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு எந்தப் பெற்றோர் போய்ப் புகார் கொடுப்பார்?

என் மகனை எதுவும் சொல்லித் தராமல்தான் அனுப்பினேன். முதல் மாதமே டிக்டேஷன். பக்கத்தில் இருந்தவன் பத்துச் சொல் எழுதி முடிக்கும்போது இவன் தேதியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். டைரியில் தினமும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வரும். "நான் மக்காம்மா?" என்று ஒரு ராத்திரி கேட்டான். விளையாட்டாகவே கற்கட்டும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது குழந்தை.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
அவன் கேட்ட கேள்வி எனக்கும் வலிக்கிறது அம்மா. ஆனால் தவறு அவனிடமா, அந்த டிக்டேஷனிடமா? அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது, 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்ப உட்கார வைத்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம் வழியாகத் தொடங்குகிறோம். எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கிறது.

சேலம்:
பேசாமல் ஒரு வருடம் கழித்துச் சேர்த்தால் என்ன? கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல் ஆறு வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி.

கோவை அம்மா:
பின்லாந்தில் அதற்கு முன் ஒரு வருடம் முன்பள்ளி கட்டாயம். இங்கே யு.கே.ஜி. முடித்த பிள்ளையை அதே யு.கே.ஜி.யில் மறுபடி உட்கார வைத்தால், கூடப் படித்தவர்கள் மேலே போனதை அது பார்க்காதா? நம் மாநிலத்தில் ஐந்து முடிந்தாலே சேர்க்கலாம். வயதைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
இதில் நானும் கோவை அம்மா பக்கம். ஜூனிலேயே அனுப்புங்கள். தயார் செய்யவும் செய்யுங்கள், ஆனால் எதற்கு என்று பாருங்கள்.

ஜூன் மாத மதியங்களில் நான் வருடாவருடம் பார்ப்பது இது. டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க வராமல், கேட்கவும் கூச்சப்பட்டு, சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகும் பிள்ளை. "மிஸ், பாத்ரூம்" என்று சொல்லத் தெரியாமல் நனைந்துபோய் நிற்கும் பிள்ளை. எனவே பள்ளிக்குக் கொடுக்கப்போகும் அதே டப்பாவில் இப்போதே மதியம் சாப்பிடட்டும். பட்டன் போட, கழற்ற, கால் கழுவப் பழகட்டும். தன் பெயர், அப்பா அம்மா பெயர் சொல்லட்டும்.

விரல் பலத்துக்கு வேர்க்கடலை உரிக்க விடுங்கள், சப்பாத்தி மாவு பிசையட்டும், பாட்டியோடு சேர்ந்து புள்ளி வைக்கட்டும். கோலப்பொடியை எடுத்துச் சீராக விடும் அதே மூன்று விரல்தான் பென்சிலையும் பிடிக்கும். பல்லாங்குழி ஆடும் பிள்ளைக்குக் கூட்டல் தானாக வந்துவிடும்.

திருச்சி அப்பா:
டப்பா விஷயம் யோசிக்கவே இல்லை. இன்னும் ஊட்டித்தான் விடுகிறோம். ஆனால் பள்ளியில் கேட்டது எழுத்து. அதற்கு என்ன செய்ய?

கோவை அம்மா:
டீச்சர் சொன்ன எல்லாவற்றையும் செய்யுங்கள். அதோடு தினமும் கால் மணி நேரம் எழுத்துக்கும் ஒதுக்குங்கள். நோட்டு வேண்டாம், சிலேட்டும் பலப்பமும் போதும். பெரிதாக எழுதட்டும், அழிக்கட்டும். பஸ் போர்டு, கடைப் பெயர், பிஸ்கட் உறை என்று கண்ணில் படுவதை வாசித்துக் காட்டுங்கள். எழுத வராவிட்டாலும் எழுத்து அடையாளம் தெரிந்தே போகட்டும். தனியார் பள்ளியில் ஒன்றும் தெரியாமல் போய் நிற்கவே கூடாது என்பதில் நான் மாறமாட்டேன்.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
சிலேட்டுக்குச் சரி. கால் மணி நேரம் என்பது அவள் ஆசைப்படும் வரை மட்டும். அழுதால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள் சார். வகுப்பு ஆசிரியரை முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்து, "எழுத மெதுவாகத்தான் வருவாள், வாயால் கேளுங்கள், சொல்வாள்" என்று நேரில் சொல்லுங்கள். டைரியில் சிவப்பு மை வரும்வரை காத்திருக்காதீர்கள்.